ஸ்லாஷரும் நுவாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்

கேள்வி இதுதான்: “1940களின் கறுப்பு வெள்ளை ஃபிலிம் நுவார் படங்களையும், முகமூடிக்காரன் கத்தியோடு பள்ளிப் பிள்ளைகளைத் துரத்தும் டீன் ஸ்லாஷர் படங்களையும் ஒரே வாயால் புகழ்கிறீர்களே, ஒன்று கலை, மற்றது குப்பை இல்லையா? இரண்டையும் பார்க்காதவன் எங்கே தொடங்கலாம்?”

குப்பை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஸ்லாஷர்களில் பெரும்பகுதி குப்பைதான். ஆனால் நுவாரிலும் குப்பை ஏராளம். எழுபது எண்பது வருஷம் காலம் சலித்துக் கொடுத்த மிச்சத்தைத்தான் நாம் ‘கிளாசிக்’ என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் படங்கள் வந்த நாளில் அமெரிக்காவில் யாரும் அவற்றைக் கலை என்று தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. எடுத்தவர்களுக்கு ‘நுவார்’ என்ற பெயரே தெரியாது. ஸ்டூடியோக்காரர்களுக்கு அவை கிரைம் படம், மெலோடிராமா, அவ்வளவுதான். போர் முடிந்து, அதுவரை தடைபட்டிருந்த ஹாலிவுட் படங்கள் 1946 கோடையில் பாரிஸுக்கு மொத்தமாக வந்து இறங்கியபோது, நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர்தான் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் அப்படி எழுதினார். பெயர் வைத்தது பிரெஞ்சுக்காரர், மரியாதையும் அங்கிருந்துதான் வந்தது.

ஆக என் கட்சி, இரண்டும் எனக்குப் பிடிக்கும் என்பது மட்டுமல்ல. இரண்டும் ஒரே குடும்பம். ஸ்லாஷர் நுவாரின் வயிற்றில் பிறந்தது. பிறந்த இடம்கூடத் தெரியும்: ஒரு மோட்டல் குளியலறை. (முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

1960இல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வை ஸ்லாஷரின் பாட்டி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதன் முதல் முக்கால் மணி நேரத்தைத் தனியாக வெட்டி எடுத்துப் பாருங்கள், அச்சு அசல் நுவார். ஃபீனிக்ஸ் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாரியன், வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த 40,000 டாலரைச் சுருட்டிக்கொண்டு காதலனைத் தேடிக் காரில் கிளம்புகிறாள். கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரன் பின்தொடர்கிறான். அவசர அவசரமாகப் பழைய காரைக் கொடுத்து, மேலே 700 டாலரும் கொடுத்து வேறு கார் மாற்றுகிறாள். ராத்திரி, மழை, எதிர்வண்டிகளின் ஹெட்லைட், தலைக்குள் முதலாளியும் மற்றவர்களும் பேசும் குரல்கள். ஒரு தப்பு, அதிலிருந்து சரியும் வாழ்க்கை. அந்தக் கதையைத்தான் நுவார் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் வழியில் ஒரு மோட்டலில் தங்கி, அவள் குளிக்கப் போகிறாள். எடுக்க ஏழு நாள் ஆன, திரையில் ஒரு நிமிடம்கூட நீளாத அந்தக் கொலையோடு நுவார் கதை முடிந்துபோகிறது. ரத்தம் சாக்லேட் சிரப் என்பது எல்லோருக்கும் தெரிந்த துணுக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் காட்சி. மோட்டலை நடத்தும் நார்மன் பேட்ஸ் அறையைக் கழுவித் துடைக்கிறான். மேஜைமேல் மடித்துக் கிடக்கும் செய்தித்தாளை, உள்ளே பணம் இருப்பது தெரியாமலே, காரின் டிக்கியில் தூக்கிப் போடுகிறான். காரைச் சதுப்பில் தள்ளிவிட்டு எதையோ கொறித்துக்கொண்டு நிற்கிறான். பாதி மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. அவன் வாய் அசைவது நிற்கிறது. சுற்றுமுற்றும் பார்க்கிறான். நமக்கும் மூச்சு நிற்கிறது. கார் மறுபடி இறங்கத் தொடங்கியதும் ‘அப்பாடா’ என்கிறோம். கொலையை மறைப்பவனுக்காக நாம் ஏன் அப்பாடா என்றோம்? அந்தச் சேற்றுக்குள் போனது நாற்பதாயிரம் டாலர் மட்டுமில்லை. பணத்துக்காகவும் ஆசைக்காகவும் மனிதர்கள் கொல்வார்கள் என்ற நுவாரின் கணக்கும் கூடவே போயிற்று. இனி வரப்போகும் கொலைகாரர்களுக்குப் பணம் தேவையே இல்லை.

மாரியனாக நடித்த ஜேனட் லீக்கு மோட்டல் ராசியே இல்லை. இரண்டு வருஷம் முன்னால், 1958இல், ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்திலும் ஊருக்கு வெளியே ஒரு மோட்டலில் தனியாக மாட்டிக்கொள்வார். அங்கும் ஆளில்லாத அறைகள், அங்கும் பெண்ணைப் பார்த்தாலே நெளிகிற, நரம்பு இழுத்துக்கொண்ட ஒரு மோட்டல் பையன். இளவட்டக் கும்பல் ஒன்று அறைக்குள் புகுந்துவிடும். கிளாசிக் நுவார் இந்தப் படத்தோடு முடிகிறது என்று கணக்குச் சொல்வது வழக்கம். தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் எல்லை ஊரின் தெருக்களில் மிதந்துபோகும் அந்த ஷாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

இருபது வருஷம் கழித்து, 1978இல், ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ எப்படித் தொடங்குகிறது? நீண்ட ஒரே ஷாட் போலத் தோன்றும் ஒரு நகர்வு. யாருடைய கண்களாலோ வீட்டைச் சுற்றி வருகிறோம், சமையலறைக்குள் போகிறோம், ஒரு கை இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கிறது. (அது தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில்லின் கை.) மாடி ஏறும்போது முகமூடி மாட்டப்படுகிறது, திரையில் இரண்டு கண் ஓட்டை மட்டும் மிச்சம். கடைசியில் பார்த்தால் கத்தியோடு நிற்பது ஆறு வயதுப் பையன். அந்தப் படத்தின் கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், ஜேனட் லீயின் சொந்த மகள். டாக்டரின் பெயர் சாம் லூமிஸ், ‘சைக்கோ’வில் மாரியனின் காதலன் பெயர். கார்ப்பென்டர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

‘ஹாலோவீன்’ படத்தை நான் முதலில் பார்த்தது பெரியப்பா வீட்டில், வாடகைக்கு எடுத்த டெக்கில். பகல் காட்சிகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று அண்ணன்மார் சலித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “யார்றா அவன், துணி காயற எடத்துல நிக்கறான்?” கார்ப்பென்டரின் முழு வித்தையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. அவன் ஓடவில்லை, கத்தவில்லை, பட்டப்பகலில் கொடியில் தொங்கும் துணிகளுக்கு நடுவே சும்மா நிற்கிறான். அடுத்து பார்த்தால் இல்லை. பல வருஷம் கழித்து அகலத்திரை வடிவத்தில் பார்த்தபோதுதான் அந்த டேப்பில் இரண்டு பக்கமும் எவ்வளவு வெட்டுப்பட்டிருந்தது என்று தெரிந்தது. அந்த ஓரங்களில்தானே பயமே குடியிருக்கிறது!

இருட்டைப் பற்றி எல்லோரும் செய்கிற தவறும் இதுதான். நுவார் என்றால் நிழல், ஜன்னல் தட்டியின் கோடுகள், சிகரெட் புகை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்மூரில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பார்த்தவர்களுக்கும் அந்த நிழல் பழக்கம்தான். ஆனால் பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் (1944) எனக்கு முதுகு சில்லிடும் இடம், பளிச்சென்ற ஒரு மளிகைச் சூப்பர் மார்க்கெட். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வால்டரும் ஃபிலிஸும் அவள் புருஷனைக் கொல்வது பற்றி டின் அடுக்குகளுக்கு நடுவே, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்று கிசுகிசுக்கிறார்கள். இடையில் குள்ளமான ஒரு அம்மா வந்து, மேல் தட்டில் இருக்கும் குழந்தை உணவை எடுத்துத் தரச் சொல்கிறார். வால்டர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொலைப் பேச்சைத் தொடர்கிறான். அந்த டப்பா எட்டாமல் நின்ற அம்மாவின் உலகத்துக்கும் இவர்களுடைய உலகத்துக்கும் நடுவே ஒரு அடி தூரம்கூட இல்லை. ‘ஹாலோவீன்’ நடக்கும் ஊரான ஹேடன்ஃபீல்டின் கொடித்துணிக்கும் இதுதான் பாடம்.

அந்தப் படத்தில் ஃபிலிஸாக வரும் பார்பரா ஸ்டான்விக்கின் கொலுசைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது காதல் கதையாகவே தெரியவில்லை. கிளெய்ம் ஆபீசர் கீஸ் பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்ப்பார், ஒருநாளும் அவரிடம் தீக்குச்சி இருக்காது. வால்டர் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பற்றவைத்துக் கொடுப்பான். படம் முழுக்க இது. கடைசியில் குண்டடி பட்டு வாசற்படியில் சாய்ந்து கிடக்கும் வால்டரால் பற்றவைக்க முடியவில்லை. கீஸ் குனிந்து அதே மாதிரி உரசிப் பற்றவைக்கிறார். வால்டரைக் கேஸ் சேம்பரில் கொல்லும் காட்சியைச் செட் போட்டு எடுத்தே முடித்திருந்தார் வைல்டர். எடுத்த பிறகு தூக்கி எறிந்தார். தீக்குச்சியே போதும் என்று தெரிந்த மனுஷர்.

குடும்பச் சாயலுக்கு இன்னொரு சாட்சி டெலிபோன். எட்கர் உல்மரின் ‘டீடூர்’ (1945) பரம ஏழைப் படம், எழுபது நிமிடம்கூட ஓடாது. நியூயார்க் தெருவுக்குச் செட் போடக் காசில்லாமல் மூடுபனியைப் பரப்பி மறைத்திருப்பார்கள். ஆள் இடப்பக்கமாகப் பயணம் போவதுபோல் காட்ட ஃபிலிமையே திருப்பிப் போட்டதில், அமெரிக்கக் கார்களெல்லாம் நம்மூர் மாதிரி இடப்பக்கம் ஓடும். அதில் ஒரு சாவு: குடிவெறியில் வேரா என்ற பெண் டெலிபோனோடு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். போலீஸுக்குச் சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் வெளியே இருப்பவன் கதவுக்கடியில் நீண்டிருக்கும் ஒயரை வெடுக்வெடுக்கென்று இழுக்கிறான். கதவை உடைத்துப் போனால் ஒயர் அவள் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. ‘ஹாலோவீன்’ படத்தில் லிண்டா எப்படிச் சாகிறாள் என்று இப்போது நினைத்துப் பாருங்கள். டெலிபோன் ஒயர். மறுமுனையில் கதாநாயகி லாரி, தோழி விளையாடுகிறாள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

1948இல் வந்த ‘சாரி, ராங் நம்பர்’ படத்தில் அதே ஸ்டான்விக், படுக்கையில் கிடக்கும் நோயாளி. கையில் டெலிபோன், வீட்டுக்குள் கொலைகாரன். 1996இல் ‘ஸ்க்ரீம்’ படத்தின் முதல் பன்னிரண்டு நிமிடத்தில் டிரூ பேரிமோர் கார்ட்லெஸ் போனோடு வீட்டுக்குள் அலையும்போது, எனக்கு ஸ்டான்விக்கின் படுக்கைதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த ‘பிளாக் கிறிஸ்மஸ்’ (1974). மாணவியர் விடுதிக்கு அசிங்க அசிங்கமாகப் போன் வருகிறது. எக்ஸ்சேஞ்சில் ஒரு ஊழியர், ஆள் உயர இயந்திர அடுக்குகளுக்கு நடுவே, எந்தத் தொடர்பு எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே ஓடுகிறார். கடைசியில் கண்டுபிடிக்கிறார், அழைப்பு அந்த வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கொலைகாரன் யார் என்று படம் கடைசிவரை சொல்லாது. பரண் அறை ஜன்னலோரம் நாற்காலியில் முதல் பிணம் அப்படியே உட்கார்ந்திருக்கும், போலீஸார் யாரும் ஏறிப் பார்க்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் ஸ்லாஷர்களில் இதுதான் முதலிடம், ‘ஹாலோவீன்’ இரண்டாவது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராக்காவையும் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் நுவார் என்று பலரும் கைகாட்டும் ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் த தேர்ட் ஃப்ளோர்’ (1940) அவருடையது. நுவார்களின் ராஜா என்று நான் சொல்லும் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ (1947) அவருடையது. நடுவில் 1942இல் ‘கேட் பீப்பிள்’ என்ற பேய்ப்படம், இயக்குநர் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ எடுத்த அதே ஜாக் டூர்னர். ராத்திரி, பூங்காச் சுவரோரம் ஒருத்தி நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் ஹீல்ஸ் சத்தம். விளக்குக்கு விளக்கு வெளிச்சம், நடுவில் இருட்டு. பின்னால் வந்த சத்தம் நின்றுபோகிறது. முன்னால் போகிறவள் வேகம் கூட்டுகிறாள். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல்… பஸ் வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்திக்கே ‘லூட்டன் பஸ்’ என்று பெயர் வந்தது. ஸ்லாஷரில் அலமாரியிலிருந்து குதிக்கும் ஒவ்வொரு பூனையும் அந்த பஸ்ஸில் ஏறி வந்ததுதான்.

அதே முசுராக்கா 1946இல் ராபர்ட் சியோட்மாக்குக்கு ஒளிப்பதிவு செய்த ‘ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்’ இன்னும் துல்லியம். உடற்குறை உள்ள பெண்களைத் தேடிக் கொல்பவன். அலமாரியில் தொங்கும் துணிகளுக்கு நடுவே ஒரு கண், திரை நிறைய. அறையில் ஒருத்தி தலைவழியே உடையை மாட்டுகிறாள், இரண்டு கைகளும் மேலே. அந்தக் கைகள் முறுக்கிக்கொள்வதை மட்டும் காட்டுகிறார்கள். கதாநாயகி பேச முடியாத பணிப்பெண். கண்ணாடியில் அவளைப் பார்க்கும்போது கொலைகாரனுக்கு அவள் முகத்தில் வாயே தெரியவில்லை. கையுறை, மழை, பெரிய வீடு, கடைசியில் ஒருத்தி மட்டும். இதை எடுத்தவர் அதே வருஷம் ‘த கில்லர்ஸ்’ என்ற சுத்தமான நுவாரும் எடுத்தார். ஒரே சட்டியில் இரண்டு குழம்பு.

எங்கே பிரிகிறார்கள் என்று கேட்டால், பாவம் யார் தலையில் விழுகிறது என்பதில். நுவாரில் செய்தவனே செத்தான். கதைக்காக மட்டுமல்ல, 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதி, குற்றவாளி தப்பிப் போவதைத் திரையில் அனுமதிக்கவில்லை. 1968 நவம்பரில் அந்த விதி போய், வயதுவாரி ரேட்டிங் வந்தது. இனி யாரையும் தண்டிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஸ்லாஷர்கள் என்ன செய்தன? யாரும் கேட்காமலே, காதலித்த பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து வெட்டின. தணிக்கை அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டார், அவர் நாற்காலியில் முகமூடிக்காரன் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அதோடு, கடன் பட்டது ஒருவர், கட்டுவது வேறொருவர். ‘நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தில் கொலைகாரன் ஃபிரெடியை உயிரோடு எரித்தது பெற்றோர். அவனுடைய கத்தி விரல் கையுறையை கதாநாயகி நான்சியின் அம்மா வீட்டு அடித்தள உலைக்குள் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறாள். கனவில் வெட்டுப்படுவதோ பிள்ளைகள். ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ கதாநாயகன் ராபர்ட் மிட்சம் மாதிரி ஒரு ஆளை அவன் பழைய வாழ்க்கை பெட்ரோல் பங்குவரை தேடி வந்தது நுவார். அப்பா அம்மாவின் பழைய வாழ்க்கை மகளைத் தேடி வந்தால் ஸ்லாஷர். அதிலும் கடைசியில் தப்பிக்கும் பெண்ணைப் பாருங்கள். கேரல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987இல் ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் வைத்தார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலைப் பார்ப்பவள், கதவைச் சரிபார்ப்பவள் அவள் மட்டும்தான். நுவாரில் தொப்பி போட்ட துப்பறிவாளன் செய்த வேலையை இங்கே பதினேழு வயதுப் பெண் செய்கிறாள்.

‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ (1980) பற்றிக் கேட்பீர்கள். சுமாரான படம். கடைசிப் பகுதியில் பெட்ஸி பால்மர் ஸ்வெட்டர் போட்ட அம்மாவாக வந்து நிற்கும்போதுதான் உயிர் வருகிறது. புதுக் கார் வாங்கக் காசு தேவைப்பட்டதால் ஒப்புக்கொண்ட வேஷம் என்று அவரே சொன்னார். அந்த அம்மாவின் மகன் ஜேசனுடைய ஹாக்கி முகமூடி மூன்றாவது பாகத்தில்தான் (1982) வருகிறது. முதல் பாகத்தில் கொல்வது அம்மாதான், கொலைகாரன் ஜேசன் என்று சொல்லித்தான் ‘ஸ்க்ரீம்’ பெண் மாட்டிக்கொள்வாள்.

‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ (1997) படத்தை எல்லோரும் கேலி செய்வார்கள். இயக்கத்தில் நானும் செய்வேன். ஆனால் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள்: ராத்திரி ரோட்டில் நாலு பேர் ஒருவனைக் காரால் இடித்து, பிணத்தைக் கடலில் தள்ளிவிட்டு, வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. தொப்பியும் கோட்டும் போட்டு 1947இல் வைத்தால் மிட்சம் நடித்திருப்பார்.

எங்கே தொடங்குவது? ‘சைக்கோ’ வேண்டாம், அதன் முடிவு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். முதலில் ‘டீடூர்’ பாருங்கள், நேரமும் அதிகம் பிடிக்காது. அடுத்த நாளே ‘ஹாலோவீன்’. இரண்டும் காசில்லாதவர்கள் எடுத்தவை. இல்லினாய் இலையுதிர்காலம் என்று காட்டுவது கலிபோர்னியாவின் வசந்தகாலம், இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் அள்ளி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டில் மறுபடி கொட்டினார்கள். முகமூடியோ இரண்டு டாலர் பெறாத ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கர்க் பொம்மை முகம், மேலே வெள்ளைப் பெயின்ட். பிறகு ‘ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்’, அதோடு ‘பிளாக் கிறிஸ்மஸ்’. ‘டபுள் இன்டெம்னிட்டி’யைத் தனியாக, போனை அணைத்துவிட்டு, தீக்குச்சிகளை எண்ணிக்கொண்டு.

எல்லாம் முடிந்த பிறகு ‘ஹாலோவீன் ஹெச்20’ (1998). படம் சுமார்தான். ஆனால் அதில் ஜேமி லீ பள்ளித் தலைமையாசிரியை, அவருடைய செக்ரட்டரியாக வருவது ஜேனட் லீ. பாத்திரத்தின் பெயர் நார்மா. மகளுக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறார். வெளியே நிற்பது 1957ஆம் வருஷத்து ஃபோர்டு. நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: மாரியன் மாற்றி வாங்கிய காரின் அதே எண். ‘சைக்கோ’வின் கடைசி ஷாட்டில் சங்கிலி கட்டி, சேறு வழியச் சதுப்பிலிருந்து இழுத்தார்களே, அந்தக் கார். ஜேனட் லீ அதில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்.